குதிரைக்குப் பின்னால் முளைத்தது

“மழை பேஞ்சா தானா மொளைக்கிற சனியனுக்கு எதுக்குடி அஞ்சு வருசப் படிப்பு?”

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இதைக் கேட்டது ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில். என் இலையில் அப்போதுதான் சாம்பார் விழுந்திருந்தது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

“மாடுகூடத் தானாத்தான் கன்னு போடுது. அதுக்கு எதுக்கு அத்தே மாட்டு டாக்டரு?” என்றேன்.

“மாட்டு டாக்டரு வண்டியில வந்து எறங்குறாரு. நீ குப்பமேட்டுல குந்திக்கிட்டுக் காளானத் தேடுற. ரெண்டும் ஒண்ணாடி?”

பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ரசத்துக்கு நிற்காமல் எழுந்து கை கழுவிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான். தாவரவியலில் இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு வருடம். முதுகலையில் பூஞ்சைகளை எடுத்துக்கொண்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும். அம்மா இன்னும் பஸ்ஸை நிறத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். நான் நுண்ணோக்கியில் பூஞ்சை வித்தைப் பார்த்து அது எந்த இனம் என்று சொல்கிறேன்.

நான் பூஞ்சை படிக்கிறேன் என்று தெரிந்ததும் ஊரார் தங்களால் ஆன உதவியைச் செய்யத் தொடங்கினார்கள். வீட்டில் எது கெட்டுப்போனாலும் எனக்கென்று எடுத்துவைத்தார்கள். விடுமுறைக்கு வந்து இறங்கினால் பச்சைப் பூசணம் பிடித்த கொப்பரை, மழையில் நனைந்த செருப்பு, பாதி ரொட்டி எல்லாம் வரிசையாக வந்து சேரும். எதிர்வீட்டு அக்கா தன் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பூஞ்சை சரியாக மாப்பிள்ளை முகத்தை மட்டும் தின்றிருந்தது. துடைத்துச் சரிசெய்யலாமா என்று பார்த்தேன். “அதெல்லாம் வேணாம். காரணம் மட்டும் சொல்லு” என்றார். இன்னொருவர் வாசலில் நின்று வேட்டியைத் தொடைவரை தூக்கிப் படர்தாமரையைக் காட்டினார். அதுவும் பூஞ்சைதான் என்பதால் நான் ஆர்வமாகக் குனிந்துவிட்டேன். அம்மா விளக்குமாற்றோடு வந்ததால் அந்த ஆராய்ச்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் பூசணம் பிடித்த நிலக்கடலையை எண்ணெய் ஆட்ட வைத்திருந்தார்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது, புண்ணாக்கை மாடு தின்றால் பாலிலும் இறங்கும் என்று சொன்னேன். அந்த வீட்டம்மாள் பயந்துபோய் மொத்தத்தையும் கொல்லையில் கொட்டிவிட்டார். கொல்லையில் பதினோரு கோழிகள் இருந்தன. அன்று தெரு முழுக்கக் கோழி விரட்டியவள், பல்கலைக்கழகத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவள்.

இவ்வளவும் சொன்னது, எங்கள் ஊருக்கு என் படிப்பின் மேல் மரியாதை இல்லாமல் இல்லை என்று காட்டத்தான். மரியாதை இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை, அப்பா போன் செய்தார். அப்பா தைலமரம் வெட்டும் குழுவில் வேலை பார்க்கிறார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் தைலமரக் காடு தொடங்கும். அங்கேதான் அப்போது வெட்டு.

“ஆத்தா, ஒனக்கு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்” என்றார்.

“என்னப்பா?”

“சாணி மாதிரி இருக்கு. ஆனா சாணி இல்ல. அருவாளால கீறிப் பாத்தேன். உள்ள கடலை உருண்ட மாதிரி இருக்கு.”

“வெளிய என்ன கலரு?”

“வெல்லக் கலரு. ஒண்ணு பழுத்து ஒடைஞ்சு காப்பித்தூளாக் கொட்டிக் கெடக்கு. கையில பட்டுச்சு, சோப்பு போட்டும் போகல.”

நான் விடுதி வராந்தாவில் நின்று கத்திவிட்டேன். கிழிசல் தைத்துக்கொண்டிருந்த தோழிக்கு ஊசி குத்திவிட்டது.

அது பைசோலித்தஸ் என்ற பூஞ்சை. அந்தப் பெயருக்குப் பட்டாணிக் கல் என்று பொருள். வெட்டிப் பார்த்தால் உள்ளே பட்டாணி பட்டாணியாக அடுக்கியிருக்கும். குடை கிடையாது, அழகு கிடையாது. பார்க்க அசல் குதிரைச் சாணி. ஆனால் மண்ணுக்குக் கீழே அது செய்யும் வேலை பெரிது. மெல்லிய இழைகளாக மரத்தின் வேர்நுனியைச் சுற்றிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீரும் மணிச்சத்தும் இழுத்துவந்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கீழே அனுப்பும். எங்கள் ஊர்ச் செம்மண் காய்ந்தால் கடப்பாரை இறங்காது. அதில் ஒரு மரம் நிமிர்ந்து நிற்கிறது என்றால் அடியில் யாரோ உழைக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோவைத் தேடுவதுதான் என் படிப்பு.

உடனே என் பேராசிரியையிடம் ஓடினேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு அவரிடம் ஒரே ஓர் இடம் இருந்தது. கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் ஏற்கெனவே மலைக்காட்டுக்குப் போய்ப் பெட்டி நிறையக் காளான் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். என்னிடம் இருந்தது அப்பாவின் போன் பேச்சு மட்டும்.

“வெள்ளிக்கிழமை காலையில தேர்வுக் குழு கூடுது. இளசு ஒண்ணு, முத்துனது ஒண்ணு, ஒடைஞ்சது ஒண்ணு, மூணு மாதிரி வேணும். ஒண்ணாவது வேரோட இருக்கணும். கொண்டுவந்தா ஒன் தலைப்ப வைக்கிறேன். இல்லன்னா அடுத்த வருசம் பாக்கலாம்மா” என்றார்.

எங்கள் வீட்டில் அடுத்த வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குள் எனக்கு மாப்பிள்ளை பார்த்து, வளைகாப்பும் போட்டுவிடுவார்கள்.

செவ்வாய் காலை பஸ்ஸைவிட்டு இறங்கிக் காட்டுக்குள் நடந்தேன். அப்பா சொன்ன இடம் ஐயனார் கோயில். எங்கள் ஊருக்கும் குளத்துக்கு அங்கிட்டு இருக்கிற ஊருக்கும் அது பொதுக்கோயில். வாசலில் இரண்டு பெரிய மண்குதிரைகள் நிற்கும். வடக்குக் குதிரை நாங்கள் செய்து வைத்தது. தெற்குக் குதிரை அவர்களுடையது. இரண்டும் கிழக்கே குளத்தைப் பார்த்து நிற்க, முதுகுக்குப் பின்னால் தைலமரங்கள். அந்த மரங்களுக்கடியில், இரண்டு குதிரைகளின் பின்புறத்துக்கும் நேராக, ஏழு உருண்டைகள் முளைத்திருந்தன.

முளைத்ததில் குற்றமில்லை. முளைத்த இடம்தான் குற்றம்.

நான் போனபோது ஏழைச் சுற்றியும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. வேப்பிலை தொங்கியது. பெரியதற்கு மேலே ஒருவர் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வடக்குக் குதிரையின் முன்னால் ஒரு படி கொள்ளுப் பயறும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தன. தெற்குக் குதிரையின் முன்னால் இரண்டு படி கொள்ளுப் பயறும், கூடவே ஒரு கட்டுக் கேரட்டும். குதிரை கேரட் தின்னும் என்று அந்த ஊரில் யாரோ டிவியில் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா ஒரு மரத்தின் பின்னால் நின்றார். “நான் யார்ட்டயும் சொல்லல ஆத்தா. அவுங்களா வந்து பாத்துட்டாங்க” என்றார்.

நான் பூசாரியிடம் போனேன். “மாமா, இதுல மூணு எனக்கு வேணும்.”

“செருப்பக் கழட்டு மொதல்ல. சாமி வாகனத்துச் சாணிய யாராச்சும் பையில அள்ளுவாங்களா தாயி?”

“சாணி இல்ல மாமா. காளான்.”

“காளான்னா கொடை இருக்குமே. இதுல எங்க இருக்கு கொடை? நாங்கதான புடிச்சுக்கிட்டு நிக்கிறோம்?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அரை மணி நேரம் ஆகும். குடைக்காரர் ஏற்கெனவே கை மாற்றிக்கொண்டிருந்தார்.

விஷயம் சாணியோடு நிற்கவில்லை. எங்களுக்குப் புரவியெடுப்பு என்று ஒரு திருவிழா உண்டு. புதுக் குதிரைகளைத் தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுவருவோம். அதில் எந்த ஊர்க் குதிரை முன்னால் போவது என்று ஒவ்வொரு முறையும் சண்டை. இப்போது ஏதோ ஒரு குதிரை உயிரோடு நடமாடுகிறது என்று நிரூபணமாகிவிட்டது. எந்தக் குதிரை என்று தெரிந்தால் அந்த ஊருக்கே முதல் மரியாதை. ஆகவே மறுநாள் காலை இரண்டு ஊரும் கோயிலில் கூடுவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை எதையும் யாரும் தொடக்கூடாது.

புதன்கிழமை காலை நான் போவதற்குள் கேரட்டைக் காணோம். வெள்ளாடு தின்றிருக்கும் என்றார் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். “எங்க குதிரைக்குப் பசின்னா ஒங்களுக்கு வெள்ளாடா?” என்று தெற்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அத்தையின் குரல். அத்தை வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில்தான்.

எங்கள் ஊர் அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசினார். ஊர்க் காரியங்களை முன்னின்று நடத்துபவர் அவர். முறைக்கு எனக்குப் பெரியப்பா. “இந்தா பாருங்கப்பா. நம்மள்ட்ட படிச்ச புள்ள ஒண்ணு இருக்கு. அதுக்குப் பொறந்த ஊரு இங்கிட்டு, அத்த ஊரு அங்கிட்டு. அதவிடப் பொதுவான ஆளு கெடைக்காது. அதுவே பாத்து எந்தக் குதிரன்னு சொல்லட்டும்.”

அந்த ஊர் அம்பலமும் தலையாட்டினார். இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார்கள். அந்த இடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்தது இல்லை. நாற்காலியின் ஒரு கால் ஆடியது. இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சொல்றேன் பெரியப்பா. ஆனா எனக்கு மூணு வேணும். வேரோட” என்றேன்.

“மொதல்ல தீர்ப்பு. அப்பறம் சாணி.”

சோதனை செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றை வெட்டிக் காட்டக் கத்தியை எடுத்ததும் பூசாரி குறுக்கே படுத்துவிட்டார். உடைந்து கிடந்ததிலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் எடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “சாணின்னா தண்ணியில ஊறும், கரையும். இது கரையுதான்னு பாருங்க.”

பூசாரியின் செம்பில் தண்ணீர் வாங்கித் தூளைப் போட்டேன். தூள் மிதந்தது. விரலால் அழுத்தினேன். மறுபடி மேலே வந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் தூளை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட, தூள் காய்ந்தபடியே இருந்தது. இந்தப் பூஞ்சையின் வித்துகள் தண்ணீரை ஒட்டவிடாது. பாடத்தில் உள்ள விஷயம்தான். எவ்வளவு அழகான சோதனை என்று எனக்கே பூரிப்பாக இருந்தது.

“பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தோம்!” என்றார் பூசாரி. செம்பைத் தலைக்கு மேலே தூக்கினார். “தண்ணியில நனையாத துன்னூறுடோய்!”

பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பூசாரி என் கையிலிருந்த தூளை எடுத்தே எல்லார் நெற்றியிலும் பட்டை இழுத்தார். அதில் துணிக்குச் சாயம் ஏற்றலாம், தோலில் பட்டால் சீக்கிரம் போகாது, மூக்கில் இழுக்கக் கூடாது என்று நான் கத்தியதைக் கேட்க ஆளில்லை. சாணி இல்லை என்று நிரூபிக்க வந்தவள், கால் மணி நேரத்தில் அதைத் தெய்வீகச் சாணி ஆக்கியிருந்தேன்.

கூச்சல் அடங்கியதும் நாற்காலியின் மேலேயே ஏறி நின்றேன். “இது குதிரை போட்டது இல்ல. பூஞ்சை. காளான் வகை. மரத்தோட வேருல ஒட்டிக்கிட்டு வளருது. மழை பேஞ்சதும் வித்துப் போடுறதுக்காக மேல வந்திருக்கு.”

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா இரண்டு அடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அம்பலம் பெரியப்பா தாடையைத் தடவினார். “சரி. காளான்தான். ஒத்துக்கிறோம். யாரு குதிர போட்ட காளான்?”

எல்லாரும் அதுதான் சரியான கேள்வி என்று தலையாட்டினார்கள்.

“எந்தக் குதிரையும் போடல பெரியப்பா. தைலமரம் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த மரம். இந்தப் பூஞ்சையும் அதோட சேர்ந்து வந்திருக்கலாம். இல்ல, நம்ம மண்ணுலயே இருந்த இனமாவும் இருக்கலாம். லேப்ல பாத்தாத்தான் தெரியும்.”

அத்தை எழுந்தார். “அப்ப ரெண்டு குதிரையும் இல்ல, மூணாவது குதிர ஒண்ணு வெளிநாட்டுலேர்ந்து வந்து போயிருக்குங்கிறியா?”

“பாஸ்போட்டு இருந்துச்சா?” என்றார் குடைக்காரர். ஏழில் ஒன்றுக்கு நிழல் தவறியது.

சிரிப்புக்கு நடுவில் அம்பலம் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இங்க பாரும்மா, ஒனக்கு மூணுதான வேணும்? ஏழையும் எடுத்துக்க. வடக்குக் குதிரதான்னு ஒரு பேப்பர்ல எழுதி, காலேஜு பேரப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடு. அம்புட்டுத்தான்.”

அவர் நகர்ந்ததும் அத்தை வந்தார். “எங்க குதிரன்னு எழுதிருடி. இனி ஒம் படிப்பப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன். பந்தியிலயும் பேச மாட்டேன்.”

இரண்டில் அத்தை சொன்னதுதான் பெரிய ஆசை. நான் உண்மையாகவே யோசித்தேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு வரி. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? மண்குதிரையா மறுக்கப் போகிறது?

அப்பாவைப் பார்த்தேன். மரவெட்டுக் குழுவில் மாதம் ஒருமுறை அப்பா கையெழுத்துப் போடுவார். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், காட்டிய இடத்தில் போட்டே பழகியவர். எங்கள் வீட்டில் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான். படித்துவிட்டுப் பொய்க்குக் கீழே போடுவது என்றால், அதற்கு அப்பாவின் கையெழுத்தே மேல்.

“எழுதித் தாரேன்” என்றேன். “ஆனா எங்க படிப்புல எப்புடி எழுதணுமோ அப்புடித்தான் எழுதுவேன்.”

பையிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்தேன். எந்தப் பூஞ்சையை எடுத்தாலும் கூடவே ஒரு சீட்டு வேண்டும்: என்றைக்கு எடுத்தது, எங்கே, எந்த மரத்தடியில், எப்படிப்பட்ட மண், எடுத்தவர் யார். சீட்டு இல்லாத மாதிரி வெறும் குப்பை. சீட்டை இரண்டு அம்பலங்களிடமும் காட்டினேன்.

“இதுல யாரோடதுன்னு எழுத எடமே இல்ல பெரியப்பா. எங்க இருந்துச்சுன்னுதான் கேக்குது.”

“எங்க இருந்துச்சு? குதிரைக்குப் பின்னாடி.”

“அதத்தான் எழுதப் போறேன். ரெண்டு குதிரையிலேர்ந்தும் அளந்து எழுதுறேன். எது கிட்ட, எது தூரம்னு அளவே சொல்லட்டும்.”

அளவு என்றதும் இரண்டு ஊருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எங்கிருந்தோ கொத்தனார் டேப் வந்தது. வடக்குக் குதிரையில் வால் நுனியில் வைத்து அளந்தோம். தெற்குக் குதிரைக்குப் போனால் அதற்கு வால் இல்லை. போன வருட மழையில் உடைந்துவிட்டது.

“ஒடைஞ்ச எடத்துலேர்ந்து அள” என்றார்கள் எங்கள் ஆட்கள்.

“அதெப்புடி? வால் இருந்தா எங்க முடியுமோ அங்கேர்ந்துதான்” என்றார்கள் அவர்கள்.

இல்லாத வாலின் நீளம் என்ன என்பதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அந்த ஊர்க்காரர் ஒருவர் வேப்பங்கொப்பை ஒடித்து, குதிரையின் பின்புறத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு வாலாக நின்றார். “ஆட்டாதய்யா” என்று எங்கள் பக்கம் கத்தினார்கள். ஈ மொய்த்தது, அவர் ஆட்டத்தான் செய்தார். நான் இரண்டு அளவையும் குறித்துக்கொண்டேன்: ‘உடைந்த இடத்திலிருந்து’, ‘வால் இருந்திருந்தால் முடியும் இடத்திலிருந்து, ஊராரின் மதிப்பீடு’. மதிப்பீட்டை மதிப்பீடு என்று எழுதினால் அது பொய்யில்லை.

பிறகு எந்தக் குதிரையை முதலில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. முதல் சீட்டில் வடக்கு முன்னால். இரண்டாவதில் தெற்கு முன்னால். மூன்றாவதுக்கு எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு குதிரையையும் விட்டுவிட்டு, போனைப் பார்த்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மட்டும் எழுதினேன்.

“இதுல குதிரையே இல்லையே?” என்றார் அந்த ஊர் அம்பலம்.

“வானத்துல இருக்குற சாட்டிலைட்டு பாத்துச் சொன்னதுங்க.”

“மேலேர்ந்தா?” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “அப்பச் சரியாத்தான் இருக்கும்.”

மூன்றையும் உரக்கப் படித்தேன். ‘பூஞ்சை’ என்ற சொல்லை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. தங்கள் குதிரை கல்லூரிக் காகிதத்தில் ஏறிவிட்டது என்பதில்தான் எல்லாருக்கும் கண். ஆளாளுக்குப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கடைசியில் கையெழுத்துப் போட்டேன். பெரிதாகவே போட்டேன்.

மூன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி, மீதி நான்குக்கும் குடையைத் தொடர்ந்து பிடித்தார்கள். அப்பா கடப்பாரையால் ஓரமாகத் தோண்ட, நான் கையால் மண்ணை விலக்கினேன். உருண்டைக்குக் கீழே தடித்த காம்பு. காம்பிலிருந்து மஞ்சள் நூல்கள். நூல்கள் போய்ப் பின்னியிருந்த இடத்தில் தைலமரத்தின் வேர்நுனிகள், ஒவ்வொன்றும் உறை போட்டதுபோல். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்ததை முதல்முறை விரலில் தொட்டேன். அப்பாவிடம் கைலென்ஸைக் கொடுத்து, யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். “இது வெளைச்சல்ல பங்கு பேசி வாரத்துக்கு உழுகுற மாதிரில்ல இருக்கு. அப்ப இதுல நெலத்துக்காரன் யாரு, உழுகுறவன் யாரு?”

“அதுலதான்ப்பா எங்க படிப்பு ஆளுங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க” என்றேன். அது உண்மை.

பூசாரியும் லென்ஸ் வாங்கிப் பார்த்தார். நெற்றியில் பழுப்புப் பட்டையோடு என் பக்கத்தில் குந்தினார். குரலை இறக்கிக் கேட்டார்: “தாயி, தைமாசம் இந்தப் பக்கமும் மரம் வெட்ட வருவாங்களாம். மரம் போச்சுன்னா இது என்னாகும்? வேற மரத்தப் புடிச்சுக்கிட்டுப் பொழைச்சுக்கிருமா?”

காலையிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டவற்றில் அது ஒன்றுதான் அறிவியல் கேள்வி.

“தெரியல மாமா” என்றேன்.

“இம்புட்டுப் படிச்சும் தெரியாதா?”

“படிச்சதுனாலதான் மாமா தெரியலன்னு சொல்றேன்.”

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் மூன்று மாதிரிகளையும் வைத்தேன். சீட்டுகளைப் படித்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “வால் இருந்திருந்தால் முடியும் இடம்னா என்னம்மா?” என்றார். எடுத்த இடத்தைத் தெளிவாகக் குறிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், குறித்திருக்கிறேன் என்றேன். பேராசிரியை மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார். தோள் குலுங்கியது. வேர்நுனிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை இடம் எனக்கு என்று சொன்னார்கள். ஊருக்குப் போன் செய்தேன். அப்பா அதை அம்மாவிடம் கத்திச் சொன்னார். பிறகு, தெற்குக் குதிரை ஊரில் தங்கள் சீட்டின் படத்தைப் பெரிதாக்கி லேமினேட் செய்து குதிரைக் கழுத்தில் மாட்டியிருப்பதாகவும், எங்கள் ஊரில் அதைவிடப் பெரிதாக ஒன்று தயாராவதாகவும் சொன்னார். அடுத்த புரவியெடுப்பில் இரண்டு குதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில் போவதாகப் பேச்சாம். பாதை அவ்வளவு அகலம் இல்லை என்பதில் இப்போது சண்டை நடக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பூசாரியின் கேள்வி. தை மாதத்துக்கு அதிக நாள் இல்லை. தைலமரம் இல்லாமல் போனால் இந்தப் பூஞ்சை சவுக்கு வேரைப் பிடித்துக்கொள்ளுமா? சவுக்கோடும் இது சேரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பூஞ்சை, எங்கள் ஊர் மண்ணில், சேர்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

போன வாரம் ஊருக்கு வந்து நாற்றங்காலில் இருபது சவுக்குக் கன்றுகள் வாங்கினேன். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சைகள் குழப்பாமல் இருக்க, மண்ணை ஆவியில் வேகவைக்க வேண்டும். வீட்டில் அதற்குத் தோதான பாத்திரம் இட்லிக் கொப்பரை ஒன்றுதான். அம்மா கொல்லையிலிருந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தார். “மண்ண அவிச்சவ இந்தச் சீமையிலயே நீ ஒருத்திதான்டி” என்றார். அதோடு போகாமல், அடுப்பைக் கொஞ்சம் குறைத்துவைத்தார். அடி பிடித்துவிடுமாம்.

பத்துப் பைகளில் ஆறிய மண்ணோடு பூஞ்சைத் தூளைக் கலந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பத்துப் பைகளில் வெறும் மண். ஒவ்வொரு பைக்கும் சீட்டு எழுதிக் கட்டினேன். நேற்று காலை இருபது கன்றுகளையும் ஊன்றித் தண்ணீர் விட்டாயிற்று.